ஞாயிற்றுக்கிழமைக்கு டிராயர் இல்லை

என் கணவரைக் கடைத்தெருவில் எல்லோரும் 'டிராயர் அண்ணே' என்றுதான் கூப்பிடுவார்கள். அரைக்கால் சட்டையோடு திரிகிற ஆள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவர் மோட்டார் உதிரிபாகக் கடையில் கவுன்டரில் நிற்பவர். கடையின் பின்சுவர் முழுக்க மர டிராயர்கள், முந்நூற்றுப் பன்னிரண்டு. பேரிங், ஆயில் சீல், வாஷர், கார்பன் பிரஷ் என்று ஒவ்வொன்றிலும் ஒரு சாமான். எந்த டிராயர் மேலும் ஓர் எழுத்துக்கூடக் கிடையாது. எது எங்கே இருக்கிறது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். "எழுதி ஒட்டினா கை சோம்பேறியாயிடும்" என்பார். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

பேரிங் அளவு பார்க்க அவருக்குக் கருவி வேண்டாம். மெக்கானிக் கொண்டுவரும் பழைய பேரிங்கின் ஓட்டைக்குள் ஆள்காட்டி விரலை விடுவார். நடுக்கணுவில் நின்றால் 6203. லேசாக உரசிக்கொண்டு அடிவரை போனால் 6204. உள்ளே போய் லொடலொடவென்று ஆடினால் 6205. விரலை வெளியே எடுப்பதற்குள் மறுகை பின்னால் போய்ச் சரியான டிராயரை இழுத்திருக்கும். கவுன்டருக்கு மேலே 'விற்ற பொருள் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட மாட்டாது' என்று ஒரு பலகை தொங்குகிறது. இருபத்தாறு வருடமாக அந்தப் பலகைக்கு வேலையே இருந்ததில்லை.

நான் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எப்போது வெளியே போனது என்று நிமிடத்தோடு எழுதுவது என் பிழைப்பு. "ரெண்டே நிமிஷம்தான் லேட்டு மேடம்" என்று எந்த டிரைவரும் என்னிடம் பூசி மெழுக முடியாது. அப்படிப்பட்ட என் மூக்குக்குக் கீழேயே நான்கு மாதமாக ஒன்று நடந்திருக்கிறது, நான் கோட்டை விட்டிருக்கிறேன். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை கடை முதலாளி டிப்போவுக்கே போன் செய்தார். பெரியவர் போன பிறகு கடையைப் பார்த்துக்கொள்ளும் மகன் அவர். என் கணவரை அண்ணே என்றும் என்னை அண்ணி என்றும் கூப்பிடுவார்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. வீட்டுல ஏதாவது பிரச்சினையா?"

"வீட்டுல பிரச்சினைன்னா அது நான்தான். இருபத்தெட்டு வருஷமா இருக்கேனே, இப்ப என்ன புதுசா?"

அவர் சிரிக்கவில்லை.

"இந்த வாரத்துல ரெண்டு தடவை பம்பு மெக்கானிக்குக்கு 6204 பேரிங்குக்குப் பதிலா 6203 குடுத்துட்டார். திரும்பி வந்து கேட்டா அவர் மேலயே எரிஞ்சு விழறார். அண்ணன் யார்கிட்டயாவது கத்தி நான் பாத்ததே இல்ல. இன்னிக்கு டிராயர் முன்னாடி போய் நின்னார். எதுக்கு வந்தோம்னு தெரியல அவருக்கு. சும்மா நின்னுக்கிட்டே இருந்தார் அண்ணி."

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நேராகக் கேட்டேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். கெட்டியான வெள்ளைத் தாள். மேலே நான்கே வரி, அதை ஒட்டிக் கையெழுத்து, மிச்சம் முழுக்க வெற்றிடம். வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்று எழுதியிருந்தது.

"சனிக்கிழமை குடுத்துடலாம்னு இருக்கேன்" என்றார். "அண்ணனுக்கு வந்ததுதான் எனக்கும் வந்திருக்கு."

அவருடைய அண்ணன் கடைசி இரண்டு வருடம் சொந்த மகளையே "நீ யார் வீட்டுப் பொண்ணும்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர். அவருக்குச் சாப்பாடு ஊட்டியது, குளிப்பாட்டியது எல்லாம் என் கணவர்தான்.

"எத்தன நாளா இத மனசுல வெச்சிருக்கீங்க?"

"மூணு நாலு மாசமா. திடீர்னு தலைக்குள்ள எல்லாம் கலைஞ்சு போகுது. வேர்த்துக் கொட்டுது. பயத்துல கை நடுங்குது. எல்லாரும் பரிதாபமா பாக்கறதுக்கு முன்னாடி நானே வந்துடறேன்."

எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் கூடவே கோபமும் வந்துவிடும், அது என் பிறவிக் குணம். கத்தினேன். ஊரெல்லாம் தெரிந்த பிறகு எனக்குத் தெரிய வேண்டுமா, நான் என்ன இந்த வீட்டில் வாடகைக்கா இருக்கிறேன் என்று கேட்டேன். அவர் தாளை மடித்தார். நான் பிடுங்கிக்கொண்டேன்.

"இந்தச் சனிக்கிழமை கிடையாது. அடுத்த சனிக்கிழமை வரைக்கும் இது என்கிட்ட இருக்கும்."

"அதுக்குள்ள நீ என்ன பண்ணப் போற?"

எனக்கும் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாததால், "பாருங்க" என்றேன்.

இந்த இடத்தில் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். அவருக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. ஒழுங்காக மருந்து சாப்பிட்டவர் என்று சொல்ல முடியாது. நான்கு மாதத்துக்கு முன் டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டுக் கடுமையாகப் பேசினார். வீரியமான புது மாத்திரை ஒன்று எழுதிக் கொடுத்தார். தினம் காலையில் சாப்பாட்டுக்கு முன் ஒன்று. நான் போய் வாங்கி வந்து சமையலறை அலமாரியில் வைத்தேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அட்டை அப்படியே இருக்கிறது, ஒன்றுகூடக் குறையவில்லை. "மாத்திரை போட்டீங்களா?" என்றால் "போட்டேனே" என்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற பேச்சு. சண்டை போட்டுப் பயனில்லை என்று நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். தினமும் காலையில் ஒரு மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கி, டீயோடு நீட்டி, "சத்து மாத்திரைங்க, உங்க வயசுக்கு வேணும்" என்பேன். மறுபேச்சில்லாமல் விழுங்குவார். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் முதலாளிக்குப் போன் செய்தேன். "தப்பு நடக்கும்போதெல்லாம் மணியப் பாத்து எழுதுங்க. என்ன தப்புன்னுகூட வேண்டாம். மணி மட்டும் போதும்."

"மணிய வெச்சு என்ன பண்ணுவீங்க அண்ணி?"

"எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்."

முதலாளி தினமும் போனில் அனுப்பினார். நான் டிப்போத் தாள் ஒன்றில் கட்டம் போட்டு எழுதிக்கொண்டேன். புதன் 11.20, பிறகு 11.45. வியாழன் 11.10. வெள்ளி 11.50, 12.15. சனி 11.30. ஞாயிறு என் கணவர் வீட்டில். நான் கைக்கடிகாரத்தோடு பக்கத்திலேயே உட்கார்ந்தேன். ஒன்பது மணிக்கு மின்விசிறியைக் கழற்றினார். ஒவ்வொரு திருகாணியும் எங்கிருந்து வந்தது என்று தெரிந்து வைத்துக்கொண்டு ஒரு மணிக்குத் திருப்பி மாட்டினார். நடுவில் நான் ஒளித்து வைத்த ஒரு வாஷரை, "அத எடு, விளையாடாத" என்று கேட்டு வாங்கினார். ஒரு தப்புக் கிடையாது. திங்கள்கிழமை 11.25.

தாளை எதிரில் வைத்துக்கொண்டு டிப்போவில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வண்டி தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் தாமதமானால் நாங்கள் டிரைவரைத் திட்டமாட்டோம். வழியில் ஏதோ இருக்கிறது, பள்ளமோ ரயில்வே கேட்டோ, போய்ப் பாருங்கள் என்போம். அவருடைய அண்ணனுக்கு எந்நேரமும் மறதி. இவருக்கு மட்டும் பதினொன்றுக்கு வந்து சாப்பாட்டு வேளையில் போய்விடுகிறது. மறதிக்கு ஏது வாரவிடுமுறை? இத்தனை நாளில் முதல்முறையாக எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டுப் பதினொன்று அடிக்கக் கடைக்குப் போனேன். கவுன்டரில் நாலைந்து பேர் முட்டிக்கொண்டு நின்றார்கள். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு டிராயர்களைப் பார்த்து நின்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, அவ்வளவு வேர்வை. ஒரு டிராயரை இழுத்தார், மூடினார். மறுபடி அதையே இழுத்தார். "அண்ணே, ஆயில் சீல் கேட்டேன்" என்று ஒருவர் சொன்னதற்கு, "எனக்குக் காது இருக்கு!" என்று கத்தினார். அந்தக் குரலை நான் வீட்டில்கூடக் கேட்டதில்லை.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கவுன்டருக்குப் போனேன். அவர் திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார். அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. ஒரு கணம் யோசித்துவிட்டு மரியாதையாகக் கேட்டார்.

"என்ன வேணும்மா?"

இருபத்தெட்டு வருடத்தில் என்னை அவர் எத்தனையோ விதமாகக் கூப்பிட்டிருக்கிறார். யாரோ ஒருத்தியைக் கேட்பதுபோலக் கேட்டது அன்றுதான். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது, அவர் சொன்னதுதான் சரி என்று நினைத்தேன்.

பக்கத்தில் நின்றிருந்த பம்பு மெக்கானிக் என்னைத் தள்ளிக்கொண்டு கவுன்டருக்குள் புகுந்தார். இரண்டு தடவை தப்பான பேரிங் வாங்கிப்போன அதே மனிதர். என் கணவரின் நெற்றியைத் தொட்டார், கையைப் பிடித்துப் பார்த்தார்.

"தங்கச்சி, இது மறதி இல்ல. சக்கரை எறங்குன மொகம் இது. எனக்கு வந்திருக்கு, எனக்குத் தெரியும். சக்கரை, சக்கரை எடுத்துட்டு வாங்க!"

முதலாளி பக்கத்து டீக்கடைக்கு ஓடினார். ஒரு டம்ளர் தண்ணீரில் நாலு கரண்டி சர்க்கரை. மெக்கானிக் அவரை ஸ்டூலில் உட்கார வைத்து, விழுங்குகிறாரா என்று பார்த்துப் பார்த்துக் குடிக்க வைத்தார். கொஞ்ச நேரம் பொறுத்துச் சட்டைப் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டார். நான் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினான்கு நிமிடம். வேர்வை நின்றது. கைநடுக்கம் நின்றது. அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"நீ எப்ப வந்த? டிப்போல யார் இருக்கா?"

நான் வாய்விட்டு அழுதேன், அத்தனை பேருக்கு நடுவில்.

"காலைல மாத்திரை போட்டாரா?" என்று மெக்கானிக் கேட்டார்.

"போட்டாரே" என்று நானும் முதலாளியும் ஒரே நேரத்தில் சொன்னோம். சொல்லிவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

முதலாளி கீழ் வரிசையில் இடதுபக்கம் இருந்த டிராயர்களை ஒவ்வொன்றாக இழுத்துக் காட்டினார். ஆறு டிராயர்கள். முதல் இரண்டும் காலி. மற்ற நான்கிலும் ஒவ்வொரு மாத்திரை. நான் சமையலறை அலமாரியில் வைத்திருக்கும் அதே மாத்திரை.

"டாக்டரம்மா எழுதிக் குடுத்த அன்னிக்கே கடைக்குப் பக்கத்துல வாங்கிட்டேன்" என்றார் என் கணவர். "வீட்டுல வெச்சா போட்டேனா இல்லையான்னு சந்தேகம் வருது. இங்க வெச்சா டிராயர் காலியா இருந்தா போட்டாச்சு. கடை தொறந்ததும் ஒண்ணு. திங்கள்லேருந்து சனி வரைக்கும் ஆறு."

"ஞாயித்துக்கிழமை?"

"ஞாயித்துக்கிழமைக்கு டிராயர் இல்ல" என்றார். "கடைக்கு லீவு. மாத்திரைக்கும் லீவுன்னு விட்டுட்டேன்."

ஆக, வாரத்தில் ஆறு நாள் காலையில் என் கையால் ஒன்று, அவர் கையால் ஒன்று. இரண்டு ரொட்டித் துண்டைத் தின்றுவிட்டுப் பதினொன்று வரை நின்றுகொண்டே வேலை செய்கிற மனிதருக்கு இரட்டை மாத்திரை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான் கொடுத்தது ஒன்றுதான், அன்றைக்கு மட்டும் அவர் சரியாக இருந்தார். வழியில் இருந்த பள்ளம் நான்தான். அதை அங்கேயே, எல்லோர் முன்னாலும் சொன்னேன். சத்து மாத்திரை என்று நான்கு மாதம் பொய் சொன்னதைச் சொன்னேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "நான் போட்டேன்னு சொன்னேனே, நீ நம்பலயா?" என்றார். கோபமில்லை அந்தக் குரலில். அதனால்தான் எனக்கு அதிகமாக வலித்தது.

டாக்டரம்மா எங்கள் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துத் திட்டினார். "வீட்டுல நீங்க ரெண்டு பேரும் பேசிக்கறது உண்டா இல்லயா?" என்று கேட்டார். உயிருக்கே ஆபத்தாகப் போயிருக்கும் என்றார். அதன்பிறகு குரலை இறக்கிச் சொன்னார்.

"மூளைக்குச் சக்கரைதான் சாப்பாடு. திடீர்னு கொறஞ்சா அந்த நிமிஷமே தடுமாறும். ஆளு தெரியாது, கோவம் வரும், வேர்க்கும். ஆனா ரொம்ப வருஷம் அதிகமாவே இருந்தாலும் நல்லதில்ல. ரத்தக்குழாயக் கெடுத்து, ஞாபகத்தையும் யோசனையையும் மெதுவா மந்தமாக்கும். உங்களுக்கு ரெண்டுமே கொஞ்சம் நடந்திருக்கு."

"எங்க அண்ணனுக்கு வந்தது?" என்றார் என் கணவர். இதைக் கேட்கத்தான் அவர் வந்திருந்தார்.

"அதுதான்னு சொல்ல இப்ப என்கிட்ட ஒண்ணும் இல்ல. அது வராதுன்னு சீட்டு எழுதியும் தர முடியாது. இந்த நாலு மாசத் தடுமாற்றத்துல பெரும்பங்கு இந்த ரெட்டை மாத்திரை. அது நிக்கும். மிச்சத்த மெல்ல மெல்லப் பாத்துக்கலாம்."

டாக்டரம்மா ஞாபகத்தைச் சோதிக்க ஐந்து வார்த்தை சொல்லிப் பத்து நிமிடம் கழித்துத் திருப்பிக் கேட்டார். சாவி, மழை, நாற்காலி, பச்சை, கடிதம். என் கணவருக்கு மூன்று வந்தது. அவர் முகம் சுருங்கியதைப் பார்த்து டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க" என்றார். எனக்கு நான்குதான் வந்தது. டைம்கீப்பர் என்று பெயர்.

மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் கருவி ஒன்று வாங்கினோம். காலை உணவு வயிறு நிறைய, பத்தரைக்கு எதையாவது கொறிக்க வேண்டும், பதினொன்றுக்கு விரலில் குத்த வேண்டும், சாயங்காலம் அரைமணி நடக்க வேண்டும். பேரிங் அளவு பார்க்கிற ஆள்காட்டி விரலில் குத்தமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். சரி, மோதிர விரலில் குத்துங்கள் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை வந்தது. வாக்குக் கொடுத்தபடி கடிதத்தை அவர் முன்னால் வைத்தேன். தடுமாற்றம் நின்றுவிட்டாலும், அவருக்குத் தன்மேல் இருந்த நம்பிக்கை திரும்பியதா என்று எனக்குத் தெரியாது. அவர் அதை எடுத்துப் பார்த்தார். பிறகு கத்தரிக்கோலைக் கேட்டார். எழுத்து இருந்த மேல்பாகத்தை வெட்டிக் குப்பையில் போட்டார். கீழே இருந்த வெற்றுத் தாளைப் பட்டை பட்டையாக வெட்டினார். ஏழு பட்டைகள். திங்கள் முதல் ஞாயிறு வரை அழகாக எழுதினார்.

"கை சோம்பேறியாயிடுமே" என்றேன்.

"ஆகட்டும். இருபத்தாறு வருஷம் ஓடியிருக்கு, கொஞ்சம் உக்காரட்டும்" என்றார்.

அன்று சாயங்காலம் கடையிலிருந்து ஒரு பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிரித்தால் ஒரு காலி டிராயர், எண்ணெய் வாடையோடு. அதன் முகப்பில் 'ஞாயிறு' என்று ஒட்டியிருந்தது. "வீட்டுக்கு இது ஒண்ணு போதும். மத்த ஆறும் என் பொறுப்பு. சத்து மாத்திரைக்காரி இதுல தலையிடக் கூடாது" என்றார். என் சாப்பாட்டு மேஜை நடுவில் அந்த அழுக்கு டிராயர் இன்றைக்கும் இருக்கிறது. வருபவர்கள் என்னவென்று கேட்கிறார்கள். நான் சொல்வதில்லை.

ஏழு பட்டையோடு அவர் நிற்கவில்லை. தினம் நாலைந்தாக, மூன்று மாதத்துக்குள் எல்லா டிராயருக்கும் பெயர் ஒட்டி முடித்தார். மறுபடி டாக்டரம்மாவிடம் போனபோது ஐந்து வார்த்தையில் நான்கு வந்தது. சில பெயர்கள் இன்னும் தாமதமாகத்தான் வருகின்றன. பேச்சின் நடுவில் நின்று, "அது என்ன..." என்று விரலைச் சொடுக்குவார். நான் எடுத்துக் கொடுக்கமாட்டேன், காத்திருப்பேன். பெரும்பாலும் வந்துவிடுகிறது.

போன வாரம் டிப்போவில் வேலை சீக்கிரம் முடிந்தது. சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று கடைக்குப் போனேன். மணி பதினொன்று இருபது, பார்த்துவிட்டேன். கவுன்டரில் கூட்டமில்லை. அவர் பழைய பேரிங் ஒன்றில் விரலை விட்டுக்கொண்டு நின்றார். காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"என்ன வேணும்மா?"

கை தானாகப் பையில் மிட்டாயைத் தேடியது. நெற்றியைப் பார்த்தேன், ஒரு சொட்டு வேர்வை இல்லை. கையைப் பார்த்தேன், நடுக்கம் இல்லை. உதட்டைப் பார்த்தேன். ஓரத்தில் சிரிப்பை அடக்க முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தார் மனிதர்.

அடிக்கக் கை ஓங்கினேன். ஆனால் நான் மட்டும் சளைத்தவளா? கவுன்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "ஒரு புருஷன் வேணும். இருபத்தெட்டு வருஷத்து மாடல். இருக்கானு பாத்துச் சொல்லுங்க" என்றேன்.

அவர் பின்னால் திரும்பி, பெயர் ஒட்டிய டிராயர்களை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார். பிறகு கவுன்டருக்கு மேலே தொங்கிய பலகையைக் கைகாட்டினார்.

"ஒரே ஒரு பீஸ்தான் இருக்கு. திரும்ப எடுத்துக்க மாட்டோம். பரவாயில்லயா?"